போர்முனை மடலும் தணிக்கையும்

படையிற் சேர்ந்து அயலிடஞ் செல்லும் வீரன், தான் தங்கியிருக்கும் இடத்தையும், தான் புறப்படும் நாளையும், தன் படையின் தொகையையும் வீட்டாருக்கு எழுதுதல் கூடாது என்பது பெரும்பாலான நாட்டுப் படைகளில் உள்ள விதி. சிலபோது அவன் எதனையுமே எழுதுதல் கூடாதென்றும் ஆணை பிறக்கும். இவ்விதி கொடிதென்பாரும் உளர். போர்க்காலத்தில் இதனினும் வேண்டப்படுவது பிறிதொன்றில்லை என்பாரும் உளர். இருதிறத்தார் கூற்றும் ஒருபுடை உண்மையுடையனவே. ஆயின், இவ்விதியின் எப்பகுதி வீரனுடைய உயிரைக் காக்கின்றது, எப்பகுதி அவனை ஏவுவோருடைய பெயரைக் காக்கின்றது எனப் பிரித்து நோக்குவாரை யாம் மிகுதியாகக் காண்கின்றிலேம். அங்ஙனம் பிரித்து நோக்குதலே ஈண்டு எம் கருத்து.

முல்லைப்பாட்டைப் பாடங்கேட்ட நம் மாணவர்க்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. நூற்றுமூன்று அடிகளாலாய அச்சிறு பாட்டினுள் நப்பூதனார் ஒரு பாசறையையும் ஒரு மனையையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றார். பாசறையில் அரசனது உள்ளறையைக் காத்து நிற்பவர் வாய் பேசாத மிலேச்சர். தம் கருத்தை உடற்குறிப்பால் மட்டும் உணர்த்துபவர். அரசன் உறங்கும் இடத்திற் கேட்ட சொல் வெளிச்செல்லாமைக்கு இதனினும் உறுதியானதோர் ஏற்பாடு செய்தல் அரிது. மனையிலோ, ஓலையும் வந்திலது, தூதும் வந்திலது. ஆண்டில் முதிர்ந்த பெண்டிர் ஊர்ப்புறஞ் சென்று நெல்லும் மலருந் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஓர் ஆயமகள் கூறும் ஆறுதலே அவர்க்குக் கிடைத்த செய்தி. மறை காக்கும் பாசறையும், செய்தியின்றி ஏங்கும் மனையும் ஆகிய இரண்டும் இப்பாட்டில் ஒருங்கே உள. பாசறையைப் பற்றி மட்டும் பேசுவோர் இப்பாட்டிற் பாதியையே படித்தவராவர் என்பது எம் எண்ணம். ஒற்றாடலுக்கெனத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவனாரும், எடுத்த வினை முடிந்த பின்னரே வெளிப்படல் வேண்டும் என்பதனை வினைத்திட்பத்துள் வற்புறுத்தினார். ஆயின், வினை முடிந்த பின்னரும் மறைத்தல் வேண்டுமென அவர் யாண்டுங் கூறிற்றிலர்.

நிற்க. யாம் வாழும் பெரம்பூர் எந்தப் போர்முனைக்கும் நெடுந்தொலைவில் உள்ளது. ஆயினும், போர்ச்செய்தி எத்துணைச் சிறிய வழியினுள்ளும் புகுந்து வெளிப்படும் என்பதனை இவ்வூரைக்கொண்டே விளக்கலாம். ஈண்டிருந்து 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் காக்கித் துணிக்குப் பெயர்பெற்றவை. படைக்கு வேண்டிய துணி ஈண்டு நெய்யப்பட்டுச் சாயமூட்டப்பட்டது. ஆலையிற் பணிபுரிந்த ஒருவன் மாலையில் தேநீர்க் கடையிலமர்ந்து, "இம்மாதம் மெல்லிய துணியே நெய்கின்றோம், அதுவும் முன்னையினும் இருமடங்கு" என்று கூறியிருப்பின், அதனால் விளையுந் தீங்கு யாதென்று கேட்போன் நகைத்திருப்பான். ஆனால், அச்சொல்லைக் கேட்கத் தக்கவன் கேட்டிருந்தால், வெப்பநாடொன்றிற்குப் பெரும்படை ஆயத்தமாகின்றது என்பதனை அவன் எளிதில் உய்த்துணர்ந்திருப்பான். தறியை இயக்குவோன் ஒற்றன் அல்லன். ஒற்றனுக்குத் தீனி அவனிடம் உண்டு என்பதே செய்தி.

பெரம்பூருக்குச் சிறிது தொலைவிலுள்ள நம் துறைமுகம் இப்பாடத்தைத் தீயால் எழுதிக் காட்டிற்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாளிரவில் எம்டன் என்னுஞ் செர்மானியப் போர்க்கப்பல் சென்னையை அணுகிக் குண்டு வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியாரின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அக்கப்பலின் தலைவன் வான் முல்லர் வங்கக் கடலில் அம்மாதத்தில் அடுத்தடுத்துப் பல வணிகக் கப்பல்களைப் பிடித்தான். எக்கப்பல் எந்நாளில் எத்துறையினின்று புறப்படும் என்பதனை அவனுக்கு உணர்த்தியவற்றுள் ஒன்று, முன்னர்ப் பிடிபட்ட கப்பல்களிற் கிடைத்த இந்தியச் செய்தித்தாள்களே. வணிகர் வசதிக்காக அச்சிட்ட கப்பற்பட்டியல் பகைவனுக்கு வழிகாட்டியாயிற்று. அக்கப்பலின் பெயர் நம் மக்கள் நாவில் இன்றும் வாழ்கின்றது. எளிதிற் பிடிபடாத சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்று வழங்குதல் யாவருமறிந்ததே.

அச்சிட்ட செய்தித்தாளை நிறுத்துதல் எளிது. ஓர் ஆணை போதும். ஆயிரம் வீரர் தத்தம் மனைவியர்க்கும் தாயர்க்கும் எழுதும் மடல்களை என் செய்வது? அவற்றாற் பகைவனுக்கு ஆவதென்னை எனின், ஒரு மடலால் ஒன்றுமில்லை. பலவற்றை ஒருங்குவைத்துப் படித்தலிலேயே பயனுள்ளது. ஒருவன் தனக்குக் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள் என்று எழுதுகின்றான். மற்றொருவன் இவ்வாரம் விடுமுறைகள் யாவும் நிறுத்தப்பட்டன என்கின்றான். வேறொருவன், பக்கத்தூர் நண்பனை எதிர்பாராது கண்டதாகவும், அவனுடைய படைப்பிரிவும் அங்கு வந்து சேர்ந்ததாகவும் மகிழ்ந்து எழுதுகின்றான். பிறிதொருவன் ஆற்றைக் கடக்கையில் தன் பெட்டி நனைந்த கதையைக் கூறுகின்றான். நால்வரும் மறைபொருள் எதனையும் வெளியிட்டிலர். ஆயின், இந்நான்கு மடல்களையும் ஒரு மேசைமேல் வைத்துப் படிப்பவன் மலைநாட்டில், ஆற்றின் அக்கரையில், இரு படைகள் ஒன்றுகூடிவிட்டன, தாக்குதல் அண்மையிலுள்ளது என்பதனை அறிந்துகொள்வான். தனித்தனியே நோக்குங்கால் குற்றமற்ற சொல், கூட்டி நோக்குங்கால் குற்றமாதலின், எழுதுவோனுடைய நேர்மையை நம்பி இதனை விட்டுவிடுதல் இயலாது. இடத்தையும் நாளையும் தொகையையும் மறைக்கும் விதிக்கு அடிப்படை இதுவே. இவ்வளவில் அவ்விதி நேரிது என்றே யாமுங் கொள்கின்றோம்.

தமிழகத்தோடு தொடர்புடைய ஒரு படையே இதற்குச் சான்றாகும். 1914-ஆம் ஆண்டு அக்டோபரில் பம்பாயினின்று ஏறக்குறைய எண்ணாயிரம் வீரர் கிழக்காப்பிரிக்காவிலிருந்த செர்மானியக் குடியேற்றத்தைக் கைப்பற்றக் கப்பலேறினர். அவருள் நெல்லைச் சீமையின் பெயர்தாங்கிய 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும், சென்னைப் படையைச் சார்ந்த 61-ஆம் பயனியர் படையும் இருந்தன. நவம்பர் 2 முதல் 5 வரை டாங்கா என்னுந் துறையில் நிகழ்ந்த போரில், ஏறக்குறைய ஆயிரவரே கொண்ட செர்மானியப் படையிடம் அவர்கள் தோற்றுத் திரும்பினர். மாண்டவரும் புண்பட்டவருமாக எண்ணூற்றுவருக்கு மேல் இழப்பு.

இத்தோல்விக்குக் காரணம் பலவாயினும், மறைபொருள் காவாமை அவற்றுள் முதன்மையான ஒன்று. படையினர் கொண்டுசென்ற பெட்டிகளின்மேல் படையின் பெயரும் சேரிடத்தின் பெயரும் பம்பாயிலேயே எழுதப்பட்டிருந்தன என்பர். பதினாயிரம் இந்திய வீரர் வருகின்றனர் என்னுஞ் செய்தி, கைப்பற்றப்பட்ட அஞ்சலின் வாயிலாகச் செர்மானியத் தலைவர் லெட்டோ போர்பெக்கிற்கு முன்னரே எட்டிற்று. இவை யாவற்றினும் வியப்புக்குரியது பிறிதொன்று. பாக்ஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலின் தலைவர் துறைமுகத்துட் சென்று, முன்பிருந்த போர்நிறுத்த உடன்பாடு இனிச் செல்லாதென்று அறிவித்துத் துறையில் கண்ணிவெடி உண்டோ எனவும் வினவினார்! லெட்டோ போர்பெக் தமக்குக் கிடைத்த அவகாசத்தில் இருப்புப்பாதை வழியே தம் வீரரைக் கொணர்ந்து சேர்த்தார்.

இந்நிகழ்ச்சியினின்று இரு செய்திகளை யாம் உணர்கின்றோம். அஞ்சலுட் கிடந்த சொல் படையைக் காட்டிக்கொடுத்தது மெய். ஆதலின் அஞ்சலைக் காத்தல் வேண்டும் என்பாரை மறுத்தற்கில்லை. ஆயின், பெட்டியின்மேல் எழுதச் செய்தவனும், துறைமுகத்துட் சென்று முன்னறிவிப்புத் தந்தவனும் பாளையங்கோட்டைப் படையின் சிப்பாய் அல்லன். அவன் மடலைத் திறந்து பார்த்திருந்தாலும் இவ்விரு குற்றங்களையுந் தடுத்திருத்தல் இயலாது.

போர் முடிந்தபின் நிகழ்ந்ததோ இன்னுங் கருதத் தக்கது. டாங்காவின் தோல்வி பொதுமக்களுக்குச் சில மாதங்கள் வரையில் மறைக்கப்பட்டது. யாரிடமிருந்து மறைத்தனர்? செர்மானியரிடமிருந்தா? வென்றவரே அவர்தாமே! கடற்கரையில் விட்டுச்சென்ற துப்பாக்கிகளைத் திரட்டி எடுத்துக்கொண்டவரும் அவரே. அத்தோல்வியை அறியாதிருந்தவர் படையை அனுப்பிய நாட்டு மக்களும், அதில் மகனையும் கணவனையும் அனுப்பிய வீட்டாருமே. பகைவன் முன்னரே நன்கறிந்த ஒன்றைத் தன் குடிகளுக்கு மறைத்தல் போர்த்தந்திரமாகாது. அது மானங் காக்கும் முயற்சி. அதுவும் வீரனுடைய மானமன்று, மேலோருடைய மானம். ஒரு தடையைக் காணும்போதெல்லாம் 'இச்செய்தி பகைவனுக்குத் தெரியுமா, தெரியாதா?' என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும். தெரியாதெனின், தடை தகும். தெரியுமெனின், அத்தடைக்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தை ஆள்வோர் வாய்விட்டுக் கூறுதல் வேண்டும்.

இவ்வினாவைப் பிரான்சு நாட்டில் நின்று போர்செய்த இந்திய வீரரின் மடல்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். 1914-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்தம் அஞ்சலைத் தணிக்கை செய்யத் தனியதிகாரி ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் இந்தியாவில் அரசியற் பணியிலிருந்த ஹவெல் என்பவர். பூலோன் நகரில் அமைந்த அவரது அலுவலகத்தில் வீரர் எழுதிய மடல்களும், அவர்க்கு வந்த மடல்களும் படிக்கப்பட்டன. ஆங்கில ஆட்சியை எதிர்த்த கதர்க் கட்சியாரின் வெளியீடுகள் சிப்பாய்களை எட்டாதவாறு தடுத்தலே தொடக்கத்திற் கூறப்பட்ட நோக்கம். நாளடைவில் வேறொரு நோக்கமும் உடன் வளர்ந்தது. வீரர் மனநிலை எங்ஙனமுள்ளது என்பதனை மடல்களினின்று பொறுக்கியெடுத்து அறிக்கையாக மேலிடத்திற்கு அனுப்பினர். முதற் பனிக்காலத்தின் கொடிய இழப்புக்குப் பின்னர் எழுதப்பட்ட மடல்கள் பல துயர் மிக்கன. தம்பியைப் படையிற் சேரவிடாதீர் என்று சிலர் ஊருக்கு எழுதினர். அத்தகைய மடல்கள் நிறுத்தப்பட்டன. அல்லது அப்பகுதி அழிக்கப்பட்டது.

'தம்பி படையிற் சேர வேண்டா' என்னும் சொல்லில் இடமில்லை, நாளில்லை, தொகையில்லை. அதனைப் படிக்குஞ் செர்மானியன் ஒரு பீரங்கியையும் இடம் பெயர்க்கமாட்டான். அச்சொல்லால் இடர்ப்படுவது சிற்றூரில் ஆட்சேர்க்கும் அலுவலே. வீரனுயிரைக் காத்தற்கெனத் தொடங்கிய விதி, அவ்வுயிருக்கு வந்த இடரை அவன் வீட்டாருக்கு மறைக்கும் விதியாக மாறிவிட்டது. அம்மாற்றத்தைக் குறித்துத் தனியாணை எதுவும் பிறந்திலது. பழைய ஆணையே போதுமாயிற்று. இதுவே எமக்கு அச்சந் தருவது.

அடக்கிய நீர் வேறு வழியே கசியுமன்றோ? வீரர் மறைமொழி பேசத் தொடங்கினர். கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்பொழுது செம்மிளகு செலவாகின்றது என்ற கருத்தில் ஒரு சிப்பாய் ஊருக்கு எழுதினான். கருமிளகு இந்திய வீரர், செம்மிளகு வெள்ளையர். தணிக்கையாளர் இதனை உணராமலில்லை. கடைச்சரக்கின் விலைபோலத் தோன்றும் இவ்வொரு தொடரில் ஒரு படையின் அழிவு அடங்கியுள்ளது. நம் இலக்கணத்தார் உள்ளுறையுவமம் என்று வகுத்ததனை ஏட்டிற் படித்தறியாத உழவன் ஒருவன் பிரான்சு நாட்டுப் பனியில் நின்று படைத்துக்கொண்டமை வியப்பே. இம்மடல்கள் இன்று நமக்குக் கிடைத்தற்குக் காரணமும் அத்தணிக்கையே. ஹவெலின் அலுவலகத்தார் பொறுக்கி மொழிபெயர்த்த பகுதிகள் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. 1999-ஆம் ஆண்டில் டேவிட் ஓமிசி அவற்றுட் பலவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

இனி, மடலைப் படிப்பவன் யாவன் என்பதும் சிறு செய்தியன்று. முதலுலகப் போரில் ஆங்கிலப் படையில் ஒரு படைவீரன் எழுதிய மடலை அவனது பிரிவின் இளைய அதிகாரியே படித்துக் கையொப்பமிட்டான். காலையில் அணிவகுப்பில் ஏவுபவனும், தவறியபோது ஒறுப்பவனும் அவனே. மனைவிக்கு எழுதும் அன்புரையை அவன் கண் முன்னர்ப் போகவிடுதல் எத்தகையோர்க்கும் நாணந் தருவது. அதிகாரியின் மடலோ, அவன் மானத்தின்மேல் நம்பிக்கை வைத்து, பிரிவிற் பிறர் படியாமலே அனுப்பப்பட்டது. மறைபொருள் அதிகமாக அறிந்தவனுக்கு நம்பிக்கையும், ஒன்றும் அறியாதவனுக்கு ஐயமும் என்பது வேடிக்கையான நீதி. இக்குறையை ஒருவாறு நீக்கவே 1915-இல் பச்சையுறை என்பது வழங்கப்பட்டது. 'குடும்பச் செய்தியன்றி வேறெதுவும் இதனுள் இல்லை' என வீரன் தன் மானத்தின்மேல் உறுதிகூறிக் கையொப்பமிட்டால், அவன் பிரிவில் அதனைத் திறவார். தளத்திலுள்ள, அவனை அறியாத தணிக்கையாளர் வேண்டுமாயின் திறக்கலாம்.

இன்னொரு பொருள் களப்பணி அஞ்சலட்டை. அதில் தொடர்கள் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும்: நலமாயிருக்கின்றேன் என்றும், மருத்துவமனையில் உள்ளேன் என்றும், உங்கள் மடல் கிடைத்தது என்றும் இவைபோல்வன. வேண்டாதவற்றை அடித்துவிட்டு நாளும் பெயரும் மட்டும் எழுதலாம். வேறொரு சொல் எழுதினும் அட்டை அழிக்கப்படும். இதனை எள்ளி நகையாடினோர் பலர். யாம் நகையாடேம். பகைவனுக்கு ஒன்றும் உரையாது, வீட்டாருக்கு வேண்டிய ஒன்றை மட்டும் உரைக்கும் கருவி இதனிற் சிறந்தது அந்நாளில் வேறிருந்ததாகத் தெரியவில்லை. தாய்க்கு வேண்டுவது மகன் எவ்வூரில் உள்ளான் என்பதன்று; உளன் என்பதே.

இரண்டாம் உலகப்போரிலும் இவ்வேற்பாடுகள் தொடர்ந்தன. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபோது நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர் சப்பானியர் கையிற் சிக்கினர். அவர்தம் வீட்டார் பட்ட பாடு தனியே எழுதத் தக்கது; எனினும், அவர்தம் நாவைக் கட்டியது பகைவன் படையாதலின் அதனை ஈண்டு விரித்திலேம். மறுபுறத்தில், 1943-இல் வங்கத்திற் பெரும்பஞ்சம் வந்துற்றபோது, ஊரினின்று வந்த மடல்கள் வாயிலாக அதனை அறிந்த வீரர் கடல்கடந்த முனைகளிற் கலங்கினர். தணிக்கையாளர் அக்கலக்கத்தைக் குறித்து அறிக்கை எழுதினர். முன்னர்க் கூறிய வினாவை இங்கும் எழுப்புக: பஞ்சம் பகைவனுக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும். சுபாஷ் சந்திர போசு அவ்வாண்டு பர்மாவினின்று அரிசி அனுப்ப முன்வருவதாக வானொலியில் அறிவித்தமை வரலாறு அறிந்தது.

நம் நாடு விடுதலையுற்ற பின்னர் இந்தியப் படையஞ்சலில் நிலைபெற்ற ஒரு முறையை யாம் பெரிதும் போற்றுகின்றோம். வட எல்லையில் பனிமலைமேல் நிற்கும் வீரனுக்குத் தாய் எழுதும் உறையின்மேல் மலையின் பெயருமில்லை, மாவட்டத்தின் பெயருமில்லை. வீரனுடைய எண், பெயர், படைப்பிரிவு, அதன்பின் '56 ஏ.பி.ஓ.' என்பனவே உள. வடகிழக்குப் பகுதியாயின் '99 ஏ.பி.ஓ.' எழுதினால் போதும். தில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள படையஞ்சல் நிலையங்கள் எப்பிரிவு எங்குளது என்பதனை அறிந்து மடலைச் சேர்க்கின்றன. மடல் சேர்கின்றது, இடம் மறைகின்றது. எழுதாதே என்று தடுப்பதற்கு மாறாக, எழுதினாலும் இடந்தெரியாதபடி வழியமைத்தல் அறிவுடைமை.

ஆயின், மடலின் காலம் கழிந்து கைப்பேசியின் காலம் வந்துவிட்டது. கைப்பேசி தன் இடத்தைத் தானே கூறுங் கருவி. அதனையுடையோன் வாய் திறவாவிடினும் அது வாளாவிருப்பதில்லை. ஓட்டப்பயிற்சி செய்வோர் தாம் ஓடிய வழியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா என்னுஞ் செயலி உலகப்படம் ஒன்றை வெளியிட்டது. பாலைநிலத்தின் இருளில், அமெரிக்கப் பாசறைகளின் எல்லைகள் அப்படத்தில் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தமையை 2018-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு மாணவர் சுட்டிக்காட்டினார். வீரர் எவரும் ஒரு சொல்லும் எழுதிலர். உடல்நலம் பேணி ஓடியதே அவர் செய்த பிழை. நம் கடற்படையினர் சிலர் ஒற்றரோடு தொடர்புகொண்டதாகக் கைதுசெய்யப்பட்டதன் பின்னர், 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் திறன்பேசிகள் தடைசெய்யப்பட்டன. 2020 சூலையில் தரைப்படையினர் 89 செயலிகளைத் தம் கைப்பேசியினின்று நீக்குமாறு பணிக்கப்பட்டனர். இவற்றைக் கொடுமை என்பாரோடு யாம் உடன்படேம். பழைய மடலைப் படித்து, இடப்பெயரை மட்டும் மையிட்டு மறைத்துவிட்டு, எஞ்சியதை அனுப்ப முடிந்தது. கைப்பேசியில் அங்ஙனம் ஒரு பகுதியை மட்டும் மறைக்க வழியில்லாமையால் தடை கடுமையாகின்றது.

எனினும், அத்தடையின் பெயரால் நிகழ்வதனையுங் காண்க. 2023-ஆம் ஆண்டின் புத்தாண்டு நள்ளிரவில், உக்ரைன் நாட்டின் மக்கீவ்கா நகரில் இரசியப் படையினர் தங்கியிருந்த தொழிற்பள்ளிக் கட்டடத்தின்மேல் ஏவுகணைகள் வீழ்ந்தன. இரசிய அரசு தன் பக்கத்து இறந்தோர் 89 பேர் என்றது; உக்ரைனியர் அதனினும் மிகப் பலர் என்றனர். வீரர்கள் தடையை மீறிக் கைப்பேசி பயன்படுத்தியமையே முதன்மைக் காரணமென இரசியப் பாதுகாப்புத்துறை அறிவித்தது. நள்ளிரவில் வீட்டாருக்கு வாழ்த்துக் கூற அவ்விளைஞர் விழைந்திருத்தல் இயல்பே. ஆயின், அத்துணைப் பேரை முனைக்கருகில் ஒரே கூரையின்கீழ்த் தங்கவைத்தது யார்? அவர்க்கருகே வெடிமருந்தைக் குவித்தது யார்? இவ்வினாக்களை இரசியரே எழுப்பினர். மாண்டவன் மறுமொழி கூறான் என்னுந் துணிவிற் பழியை அவன் கையிலிருந்த கருவியின்மேற் சுமத்துதல் எளிது.

மேலிடத்தாரின் நாவே மிகப் பெருஞ்செய்தியை வெளிப்படுத்திய கதை நமக்கு அண்மையிலேயே உண்டு. 1999-ஆம் ஆண்டு கார்கில் போரின்போது, பாகித்தானத் தரைப்படைத் தலைவர் முஷாரப் பெய்சிங்கினின்று தம் துணையதிகாரி அசீசோடு தொலைபேசியிற் பேசிய பேச்சுகளை இந்திய உளவுத்துறையினர் பதிவுசெய்தனர். சூன் 11-ஆம் நாள் அவை உலகறிய வெளியிடப்பட்டன. மலையுச்சிகளில் இருந்தவர் தம் படையினர் அல்லர் என்று பாகித்தானம் கூறிவந்த கூற்று அத்தோடு வலியிழந்தது. மலைமேல் நின்ற பாகித்தானச் சிப்பாய் எவனும் வீட்டுக்கு எழுதிய மடலால் இத்துணைக் கேடு தன் நாட்டிற்கு விளைத்திரான். நம் பக்கத்தையுஞ் சொல்லவேண்டுமாயின், 1987-ஆம் ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நம் அமைதிப்படையினர் இரவில் ஹெலிகாப்டரினின்று இறங்கியபோது, விடுதலைப்புலிகள் நம் வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு முன்னரே ஆயத்தமாயிருந்தனர் என்பர். சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பதின்மர் இறங்க, ஒருவரே உயிர் தப்பினார். அங்கும் ஒற்றனுக்குச் செவி கொடுத்தது வீரனுடைய மடலன்று. படையின் சொந்தக் கருவியே.

தடை அன்பிலிருந்தும் பிறக்கலாம் என்பதனை மறைத்தல் நேர்மையன்று. ஈராக்கிலும் ஆப்கானித்தானத்திலும் இருந்த அமெரிக்கப் பாசறைகளில், வீரன் ஒருவன் மாண்டவுடன் தொலைபேசியும் இணையமும் நிறுத்தப்பட்டன. அவன் வீட்டார் கதவை அதிகாரி நேரிற் சென்று தட்டுமுன், நண்பன் ஒருவன் வாயினின்றோ வலைத்தளத்தினின்றோ அச்செய்தி அவரை எட்டுதல் கூடாது என்பதே காரணம். செய்தி சேர்ந்தவுடன் தடை நீங்கிற்று. முடியும் வேளை குறிக்கப்பட்ட தடை இது. எதற்கென்பதும் யாவர்க்குந் தெரியும். இத்தகைய தடையை ஏற்க மறுக்கும் படைவீரனும் இலன், தாயும் இலள்.

ஆதலின், யாம் வேண்டுவது தணிக்கையை ஒழித்தலன்று. இடம், நாள், தொகை, கருவி ஆகியவற்றை மறைக்க. மறைப்பதனை வீரனோடு நாள்தோறும் பழகும் அதிகாரியிடம் விடாது, அவனை அறியாத ஒருவரிடம் விடுக. சிப்பாய்க்கு உள்ள விதி தளபதிக்கும் உளதாகுக. தளபதி அறிந்தது மிகுதியாதலின் அவர்க்கு விதி இன்னுங் கடிதாகுக. மனக்குறையையும் களைப்பையும் தோல்வியையும் மறைக்க அவ்விதியைக் கருவியாக்காதொழிக. முற்றும் பேச்சு நிறுத்தவேண்டிய நாட்களில், பழைய களப்பணி அஞ்சலட்டையைப் போன்றதொரு செய்தியை, வாரத்திற்கு ஒருமுறை, வீரனுடைய கைப்பேசியினின்றன்றிப் படையின் தலைமை நிலையத்தினின்று வீட்டாருக்கு அனுப்புக. 'நலம்' என்னும் ஒரு சொல்லே போதும். அது புறப்படும் இடம் தில்லியாதலின் பாசறை வெளிப்படாது.

ஒரு வாரம் அச்சொல் வாராதொழியின் வீட்டார் அஞ்சி நடுங்குவரே என்று இதற்கு ஒரு தடை எழுப்புவர். இப்பொழுது எவ்வாரமும் அச்சொல் வருவதில்லை. அவர்கள் எவ்வாரமும் அஞ்சியே இருக்கின்றனர்.